வெள்ளை மாளிகை சென்ற இப்னு கல்தூன்

1981ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். அமெரிக்க அதிபர் ரொனால்டு ரேகன் வாஷிங்டனில் செய்தியாளர்களைச் சந்தித்தார். வரிகளைக் குறைத்தால் அரசின் வருவாய் பெருகும் என்னும் தம் கொள்கையைப் பற்றிப் பேசுகையில், அது புதுமையான ஒன்றன்று என்றும், 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் என்ற முஸ்லிம் தத்துவ அறிஞர் அதனைச் சொல்லியிருக்கிறார் என்றும் அவர் குறிப்பிட்டார். ஓர் அரசமரபு தோன்றும் காலத்தில் சிறிய வரிகள் பெரும் வருவாயைத் தருகின்றன. அது மறையும் காலத்தில் பெரிய வரிகள் சிறு வருவாயையே தருகின்றன என்பது அவர் எடுத்துரைத்த கருத்தின் சாரம். அதிபர் ஓர் இஸ்லாமிய அறிஞரைச் சான்று காட்டியதையே மறுநாளைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தனிச் செய்தியாக வெளியிட்டது.

இச்செய்தி நம் மேடைகளுக்கும் ஏடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்க அதிபரே நம் அறிஞரின் பெருமையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற மகிழ்ச்சி கல்லூரி விழாக்களிலும் மீலாது சொற்பொழிவுகளிலும் பலமுறை ஒலித்ததை நாம் கேட்டிருக்கிறோம்; நாமும் அவ்வாறு மகிழ்ந்ததுண்டு. ஆயினும் அம்மகிழ்ச்சியோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய வினாக்களை நாம் கேட்கவில்லை. துனீஸில் பிறந்து கெய்ரோவில் அடங்கிய ஒரு காழியின் சொல், அறுநூறு ஆண்டுகள் கழித்து ஒரு வல்லரசின் வரிச் சட்டத்திற்குச் சான்றாக வந்து நின்றது எங்ஙனம்? அதனை அங்கே கொண்டு சேர்த்தவர் யாவர்? அவர்கள் அவருடைய நூலை எவ்வளவு தூரம் புரட்டினார்கள்?

இவற்றுக்கு விடைகாண, இப்னு கல்தூனைச் சற்றே ஒருபுறம் வைத்துவிட்டு, 1974ஆம் ஆண்டின் வாஷிங்டன் நகருக்குச் செல்லவேண்டும்.

அமெரிக்கப் பொருளாதாரம் அப்போது ஒரு விந்தையான நோய்க்கு ஆளாகியிருந்தது. விலைவாசி ஏறும்போது வேலையின்மை குறையும், வேலையின்மை மிகும்போது விலைவாசி தணியும் என்பதே அக்காலப் பொருளியல் மாணவர்க்குக் கற்பிக்கப்பட்ட பாடம். 1973இன் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின் இரண்டும் ஒருங்கே ஏறின. ஜான் மேனார்டு கெய்ன்ஸின் வழிவந்த பேராசிரியர்கள் திகைத்து நின்றனர். நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறொரு தொல்லையும் சேர்ந்தது. விலைவாசியோடு சம்பளமும் எண்ணளவில் உயர்ந்ததால், முன்னைவிட ஒரு ரொட்டிகூடக் கூடுதலாக வாங்க இயலாதவர்கள் உயர்ந்த வரிப் படிக்குள் தள்ளப்பட்டனர். நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றாமலே ஆண்டுதோறும் வரி ஏறிக்கொண்டிருந்தது. பெரிய வைத்தியர் கைவிரித்த வீட்டில் எந்த மருந்துக்காரருக்கும் கதவு திறக்கும். பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இந்தச் சூழலை மனத்திற்கொள்வது இன்றியமையாதது. ஓரத்தில் கிடந்த கருத்தொன்று நடுவீட்டுக்கு வந்ததற்கு அதன் வலிமையைவிட நடுவீட்டில் இருந்தோரின் தளர்ச்சியே பெருங்காரணம் என்பது எம் கருத்து.

அவ்வாண்டு அக்டோபரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, விலைவாசியைத் தணிக்க வருமான வரியின்மேல் 5 விழுக்காடு மேல்வரி விதிக்க முன்மொழிந்தார். வரியைக் கூட்டுவதைப் பற்றி நகரமே விவாதித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், வெள்ளை மாளிகைக்கு அருகிலுள்ள ஹோட்டல் ஒன்றில் நால்வர் இரவு உணவுக்குக் கூடினர். ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த ஆர்தர் லாஃபர், வயது 34. மற்றொருவர் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் தலையங்கப் பகுதியில் பணியாற்றிய ஜூட் வானிஸ்கி. ஏனைய இருவர் ஃபோர்டின் அலுவலகத்தைச் சேர்ந்த டொனால்டு ரம்ஸ்ஃபெல்டும் டிக் செனியும். பின்னிருவரையும் 2003ஆம் ஆண்டின் ஈராக் படையெடுப்பால் நம் வாசகர்கள் நன்கறிவர். வரியைக் கூட்டினால் வருவாய் கூடும் என்பது எப்போதும் உண்மையன்று என்பதை விளக்க, லாஃபர் மேசையிலிருந்த கைதுடைக்கும் துணியில் ஒரு வளைகோட்டை வரைந்தார் என்பது வானிஸ்கி பரப்பிய கதை. லாஃபருக்கோ அப்படி வரைந்தது நினைவில் இல்லை. அந்த உணவகம் நல்ல துணிகளைப் பயன்படுத்தியது, அழகிய பொருளைப் பாழ்படுத்தலாகாது என்று என் தாயார் வளர்த்திருக்கிறார் என்று அவரே பின்னாளில் எழுதினார். அவ்வுணவு டிசம்பரில் நடந்ததாக வானிஸ்கி எழுதியிருக்க, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் துணியில் செப்டம்பர் மாதத் தேதி காணப்படுகிறது. இது வரலாற்றை விடப் பழங்கதையோடு நெருங்கிய செய்தி. ஆனால் சட்டங்களின் பிறப்பில் பழங்கதைகளுக்கு உள்ள பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது.

வளைகோடு சொல்வது எளிது. வரி வீதம் சுழியமானால் அரசுக்கு வருவாய் இல்லை. வீதம் 100 ஆனாலும் வருவாய் இல்லை. முழுவதும் பறிபோகுமெனில் யாரும் உழைக்கமாட்டார்கள், உழைத்தாலும் கணக்குக் காட்டமாட்டார்கள். ஆகவே இடையில் எங்கோ ஓரிடத்தில் வருவாய் உச்சத்தை அடைகிறது. அவ்விடத்திற்கு மேலே இருக்கும் அரசு வரியைக் குறைத்தால் வருவாய் கூடும். கீழே இருக்கும் அரசு குறைத்தால் வருவாய் குறையும். இதை மறுக்கும் பொருளியலாளர் எவருமில்லை. உச்சம் எங்கே இருக்கிறது என்பதே வினா. துணியில் வரைந்த கோட்டுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

ஒரு சிறு கணக்கால் இதனைத் தெளிவாக்கலாம். ஒருவர் ஈட்டும் 100 ரூபாயில் 70 ரூபாயை அரசு எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். அவர் கையில் நிற்பது 30. வீதத்தை 50 ஆக்கினால் கையில் நிற்பது 50. அதாவது உழைப்பின் பயன் மூன்றில் இரு பங்கு கூடிவிட்டது. அரசுக்கு நட்டமில்லாதிருக்க அவர் 140 ரூபாய் ஈட்டினால் போதும். ஊக்கம் 67 விழுக்காடு, தேவைப்படும் கூடுதல் ஈட்டம் 40 விழுக்காடு, நடக்கக்கூடியதே. இப்போது வீதம் 30இலிருந்து 20 ஆகக் குறைகிறது என்று கொள்வோம். கையில் நின்ற 70 ரூபாய் 80 ஆகிறது. ஊக்கம் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். ஆனால் அரசு பழைய 30 ரூபாயைப் பெற, அவர் 150 ரூபாய் ஈட்டவேண்டும். 14 விழுக்காடு ஊக்கத்திற்காக ஒருவர் தம் உழைப்பையும் முதலீட்டையும் ஒன்றரை மடங்காக்குவார் என்று யார் உறுதி கூறுவர்? ஒரே கோடு, மேற்பகுதியில் அது நல்ல ஆலோசனை, கீழ்ப்பகுதியில் அது கனவு. 1973-74ஆம் ஆண்டில் இந்தியாவில் உச்ச வருமான வரி, மேல்வரியும் சேர்த்து, 97.75 விழுக்காடாக இருந்தது. கடைசியாக ஈட்டும் 100 ரூபாயில் 2 ரூபாய் 25 காசுதான் ஈட்டியவருக்கு. அந்த வீதமே வரி ஏய்ப்புக்கும் கறுப்புப் பணத்திற்கும் ஊற்று என்று வாஞ்சூ குழு 1971லேயே எச்சரித்திருந்தது. அத்தகைய இடத்தில் லாஃபரின் கோடு முற்றிலும் சரி.

அமெரிக்காவில் பெரும்பான்மையோர் அத்தகைய இடத்தில் இல்லை. உச்ச வீதம் 70 விழுக்காடாக இருந்தது உண்மை. அதனைச் செலுத்தியவர்கள் மிகச் சிலர். ஆகவே எல்லாருக்கும் எல்லாப் படிகளிலும் வரியைக் குறைத்தாலும் கருவூலம் நிறையும் என்ற வாதத்தைப் பொருளியல் துறையில் ஒப்புக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. லாஃபரும், 1999இல் வேறு ஆய்வுகளுக்காக நோபல் பரிசு பெற்ற ராபர்ட் முண்டலும் அக்குழுவின் அறிவாளர்கள். 1976இல் ஹெர்பர்ட் ஸ்டைன் என்ற மூத்த பொருளியலாளர் அவர்களுக்கு 'அளிப்புப் பக்கத்தார்' என்ற பொருள்படப் பெயர் சூட்டினார். அதில் பாராட்டு ஏதும் இல்லை. வானிஸ்கி அதையே கொடியாக்கிக்கொண்டார்.

இந்த வானிஸ்கியை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அவர் பொருளியல் கற்றவரல்லர், பத்திரிகையாளர். ஆய்விதழ்களின் நடுவர்கள் கேட்கும் வினாக்களை அவர் கடக்கவேண்டியதில்லை. நாட்டின் வணிகர்களும் அரசியலாரும் காலையில் முதலில் விரிக்கும் தலையங்கப் பக்கம் அவர் கையில் இருந்தது. அதன் ஆசிரியர் ராபர்ட் பார்ட்லி அவருக்கு இடம் தந்தார். 1976இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் இருவரைப் பற்றியது. ஜனநாயகக் கட்சி அரசுச் செலவு என்னும் பரிசுகளை வாரி வழங்கும் தாத்தாவாக இருக்கிறது. குடியரசுக் கட்சியோ அந்தப் பரிசுகளுக்குப் பணம் எங்கே என்று கேட்கும் கஞ்சனாக நின்று தேர்தலில் தோற்கிறது. அதுவும் ஒரு தாத்தாவாக வேண்டும், அதன் பரிசு வரிக் குறைப்பாக இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். இதில் பொருளியல் எங்கே இருக்கிறது என்று வாசகர் தேடவேண்டாம். வரவுக்குள் செலவு என்று ஒரு நூற்றாண்டாக ஓதிவந்த கட்சிக்கு, அந்த ஓதலைக் கைவிட நாணமில்லாத ஒரு காரணம் தேவைப்பட்டது. குறைத்தால் கூடும் என்ற கோடு அக்காரணத்தைத் தந்தது.

1978இல் வானிஸ்கி 'லாஃபர் வளைகோடு' என்ற பெயரைத் தாங்கிய கட்டுரையைப் பப்ளிக் இன்ட்ரஸ்ட் இதழில் எழுதினார். அவ்விதழின் ஆசிரியர்களுள் ஒருவரும் புதிய வலதுசாரிச் சிந்தனையின் தந்தை எனப்படுபவருமான இர்விங் கிறிஸ்டல், 1995இல் அக்காலத்தைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, அக்கொள்கையின் பொருளியல் தகுதி பற்றித் தமக்கு உறுதி இருக்கவில்லை என்றும், அதன் அரசியல் பயனைத் தாம் விரைவிலேயே கண்டுகொண்டதாகவும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். விளிம்பிலிருந்த கருத்துகள் அரியணை ஏறும் வழியை இதைவிடத் தெளிவாக எந்த எதிரியும் சொன்னதில்லை.

கருத்துக்கு ஏடு கிடைத்தது. அடுத்துத் தேவைப்பட்டவர் மேடையேறும் மனிதர். பஃபலோ நகர அணியில் அமெரிக்கக் கால்பந்தாடிப் புகழ்பெற்றுப் பிரதிநிதிகள் அவைக்கு வந்திருந்த ஜாக் கெம்ப் அந்த இடத்தை நிரப்பினார். 1977இல் அவரும் செனட் உறுப்பினர் வில்லியம் ராத்தும் மூன்றாண்டுகளில் வருமான வரி வீதங்களை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தனர். அது உடனே நிறைவேறவில்லை. ஆனால் 1978 ஜூனில் கலிபோர்னியா மாநில மக்கள், சொத்துவரியைச் சொத்து மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டிப்போடும் முன்மொழிவைப் பெரும்பான்மை வாக்கால் நிறைவேற்றினர். அவ்வாக்காளர்கள் லாஃபரின் கோட்டைக் கண்டு வாக்களித்தவர்களல்லர். வீட்டு விலை ஏறியதால் வரி கட்ட இயலாது தவித்தவர்கள். ஆயினும் வாஷிங்டன் அரசியலார் அந்நிகழ்வைக் கோட்டுக்குக் கிடைத்த வெற்றியாகவே படித்தனர்.

ரேகனுக்குக் கோடு தேவைப்படவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உச்ச வரி 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆண்டுக்குச் சில படங்கள் நடித்தபின் மேலும் நடிப்பதில் பொருளில்லை என்று ஹாலிவுட் நடிகர்கள் நிறுத்திக்கொள்வோம் என்பது அவர் அடிக்கடி சொன்ன அனுபவம். அது உண்மையாகவே இருக்கலாம். ஒரு நட்சத்திர நடிகரின் அனுபவம் ஓர் ஆலைத் தொழிலாளிக்கும் ஆசிரியருக்கும் பொருந்துமா என்று கேட்டவர்கள் அவரைச் சுற்றி இல்லை. 1980ஆம் ஆண்டின் கட்சி வேட்பாளர் போட்டியில் அவரை எதிர்த்த மூத்த ஜார்ஜ் புஷ், இது பொருளியலன்று, பில்லிசூனியம் என்ற பொருளில் எள்ளினார். சில மாதங்களில் அவரே ரேகனின் துணை அதிபர் வேட்பாளரானார்; எள்ளல் அத்துடன் அடங்கியது. பதவி ஒரு வாதத்தை முடித்துவைக்கும் வேகம் ஆய்வுக்கு என்றும் வாய்ப்பதில்லை.

1981 ஆகஸ்டு 13 அன்று ரேகன் வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தனியார் வருமான வரி மூன்று தவணைகளில் குறைந்தது. உச்ச வீதம் 70இலிருந்து 50 ஆயிற்று. 5 விழுக்காட்டு முதல் தவணை நடைமுறைக்கு வந்த நாள் அக்டோபர் 1; இப்னு கல்தூனின் பெயர் செய்தியாளர்முன் ஒலித்த அதே நாள். வளைகோடு பிறந்ததாகச் சொல்லப்படும் இரவுக்கும் இந்த நாளுக்கும் இடையே ஏழாண்டுகள் மட்டுமே. இந்த ஏழாண்டுகளில் அக்கருத்து புதிய சான்று எதனாலும் வலுப்பெறவில்லை. கூடியது அதைத் தாங்கியவர்களின் எண்ணிக்கைதான்.

பின்விளைவு விரைவில் தெரிந்தது. 1984இல் வரவும் செலவும் சமமாகும் என்று நிருவாகம் 1981இன் தொடக்கத்தில் கணித்திருந்தது. அவ்வாண்டின் பற்றாக்குறை 18,500 கோடி டாலர் அளவில் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அது 20,000 கோடியைத் தாண்டியிருந்தது. நிதித்திட்ட இயக்குநர் டேவிட் ஸ்டாக்மன் தம் ஐயங்களையெல்லாம் வில்லியம் கிரைடர் என்னும் பத்திரிகையாளரிடம் சொல்லிவந்தார். அவை 1981 டிசம்பர் மாத அட்லாண்டிக் இதழில் வெளிவந்தன. எண்கள் தங்களுக்கே விளங்கவில்லை என்பதும், அனைவருக்குமான குறைப்பு என்பது உச்ச வீதத்தைக் குறைப்பதற்கு ஏறிவந்த மரக்குதிரை என்பதும் அவர் ஒப்புக்கொண்டவற்றுள் அடங்கும். 1982லேயே ரேகன் சில வரிகளை மீண்டும் கூட்டும் சட்டத்தில் கையெழுத்திட நேர்ந்தது. விலைவாசி தணிந்தது, 1983 முதல் வளர்ச்சியும் திரும்பியது. அதில் மைய வங்கியின் வட்டிக் கொள்கைக்குப் பெரும்பங்குண்டு. வரிக் குறைப்பு தன் இழப்பைத் தானே ஈடுகட்டவில்லை. ரேகன் பதவியேற்றபோது ஏறத்தாழ 1 இலட்சம் கோடி டாலராக இருந்த நாட்டின் கடன், அவர் விலகிய 1989ஆம் ஆண்டில் ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தது. 2012இல் சிகாகோ பல்கலைக்கழகம் முன்னணிப் பொருளியலாளர் குழுவொன்றிடம், இப்போது வரியைக் குறைத்தால் ஐந்தாண்டுகளுக்குள் மொத்த வருவாய் கூடுமா என்று கருத்துக் கேட்டது. ஒருவர்கூட ஆம் என்று சொல்லவில்லை.

இனி இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களிடம் வருவோம். 1332இல் பிறந்த அவர், 1377இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் ஒதுங்கியிருந்து முகத்திமாவை எழுதினார். அதற்கு முன் அவர் வடஆப்பிரிக்க, அந்தலூசிய அரசவைகள் பலவற்றில் பணியாற்றியவர். அரசுகள் எழுவதையும் விழுவதையும் அருகிருந்து கண்டவர். கருவூலத்தைப் பற்றி அவர் எழுதியது ஏட்டறிவன்று. ரேகன் சுட்டிய கருத்து முகத்திமாவில் இருப்பது முற்றிலும் உண்மை. குறைந்த வரியால் மக்கள் ஊக்கமடைந்து தொழிலைப் பெருக்குகின்றனர், அதனால் வருவாயும் பெருகுகிறது. வரி மிகுந்தால் ஊக்கம் குன்றித் தொழிலைக் கைவிடுகின்றனர் என்று அவர் தெளிவாகவே கூறுகிறார். நம் மரபில் இதற்கு முன்னோடிகளும் உண்டு. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகக் காழி அபூ யூசுஃப் (ரஹ்) எழுதிய கிதாபுல் கராஜ், நிலத்தின் பரப்புக்கு நிலையான தொகை விதிப்பதைவிட விளைச்சலில் பங்கு கொள்வதே உழவருக்கும் கருவூலத்திற்கும் நல்லதென்று வாதிடுகிறது.

ஆனால் இப்னு கல்தூன் கேட்ட வினா வேறு. வரி ஏன் குறைவாகத் தொடங்குகிறது, ஏன் கூடிக்கொண்டே போகிறது? மார்க்க நெறியில் நடக்கும் அரசு ஜகாத், கராஜ், ஜிஸ்யா ஆகியவற்றை மட்டுமே கொள்கிறது. இவற்றுக்கு மீறலாகாத வரம்பு உண்டு. பாலைவன எளிமையிலிருந்து வந்த அரசுக்கோ பிறர் பொருளைப் பறிக்கும் மனப்பான்மை இல்லை. அதற்குச் செலவும் குறைவு. தலைமுறைகள் கழியக் கழிய ஆடம்பரம் வளர்கிறது, படைச்செலவும் பரிவாரச் செலவும் பெருகுகின்றன. அவற்றை ஈடுகட்ட வரி ஏறுகிறது. ஆக, அவர் கண்ட நோயின் வேர் செலவு. வரி அந்நோயின் வெளித்தோற்றம். வேரைத் தொடாமல் வரியை மட்டும் குறைத்து, அதே வேளையில் படைச்செலவைப் பெருக்கிய அரசை இந்த அத்தியாயத்தின் மாணவர் என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும் என்று நமக்கு விளங்கவில்லை.

அடுத்துவரும் அத்தியாயங்கள் இன்னும் சங்கடமானவை. அரசர் தாமே வணிகத்தில் இறங்கினால் குடிகளும் கெடுவர், வரி வருவாயும் கெடும் என்கிறார். அரசே யாவற்றினும் பெரிய சந்தை. அது பணத்தைப் பூட்டிவைத்துப் படைவீரர்க்கும் பணியாளர்க்கும் கொடுப்பதைக் குறைத்தால், கடைத்தெரு மந்தமாகி வரியும் குறையும் என்றும் எழுதுகிறார். இது ரேகன் எதிர்த்த கெய்ன்ஸின் கருத்துக்கு மிக அண்மையில் நிற்பது! ஒரு நூலிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுப்பவர்க்கு எந்தக் கட்சிக்கும் சான்று கிடைக்கும்.

அநீதி நாகரிகத்தை அழிக்கும் என்னும் அத்தியாயத்தில் மஸ்ஊதி வழியாக அவர் எடுத்தாளும் பாரசீகக் கதையொன்றை இங்கே சொல்லியாகவேண்டும். மன்னர் பஹ்ராம் ஆந்தைகளின் குரலைக் கேட்டு, அவை என்ன பேசுகின்றன என்று தம் குருவிடம் வினவினார். ஆண் ஆந்தை பெண் ஆந்தையை மணக்க விரும்புகிறது. பெண் ஆந்தை மணக்கொடையாக இருபது பாழூர்களைக் கேட்கிறது. இந்த மன்னரின் ஆட்சி நீடித்தால் ஆயிரம் பாழூர்கள் தருவேன் என்கிறது ஆண் ஆந்தை என்றார் குரு. மன்னர் அதிர்ந்து தனியே அழைத்து விளக்கம் கேட்டார். குரு சொன்ன காரணத்தைக் கவனிக்கவேண்டும். நீங்கள் உழவர்களின் நிலங்களைப் பறித்து உங்கள் பரிவாரத்திற்கும் சோம்பேறிகளுக்கும் கொடுத்தீர்கள், அவர்கள் பயிரிடவில்லை. உங்களுக்கு நெருங்கியவர்கள் என்பதால் அவர்களிடம் வரியும் கேட்கப்படவில்லை. அந்தச் சுமை எஞ்சிய உழவர்மீது ஏறியது. அவர்கள் நிலத்தை விட்டு ஓடினர். ஊர்கள் பாழாயின, கருவூலமும் வறண்டது. வரி கூடியதால் மட்டுமன்று, சிலருக்கு வரி இல்லாமற்போனதாலும் நாடு பாழாகும் என்பது இக்கதை. வரியின் அளவைப் போலவே அது யார் தோளில் ஏறுகிறது என்பதும் இப்னு கல்தூனுக்கு முதன்மையான வினா.

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கான்சஸ் மாநிலத்தில் பிற்காலத்தில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு இந்த ஆந்தைகளே நினைவுக்கு வருகின்றன. 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக், லாஃபரை 75,000 டாலர் ஊதியத்தில் ஆலோசகராக அமர்த்தி, மாநில வருமான வரியைப் பெருமளவு குறைத்தார். கூட்டாண்மை முதலிய வடிவங்களில் தொழில் நடத்துவோரின் தொழில் வருமானத்திற்கு மாநில வரி அறவே நீக்கப்பட்டது. இவ்வகையில் விலக்குப் பெற்றோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களிடம் சம்பளத்திற்கு வேலை செய்தவர்கள் தொடர்ந்து வரி கட்டினர். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் வருமான வரி வசூல் ஓராண்டில் ஏறத்தாழ 70 கோடி டாலர் சரிந்தது. மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு குறைக்கப்பட்டது. 2015இல் இரு பள்ளி மாவட்டங்கள் பணமின்றிக் கல்வியாண்டை முன்கூட்டியே முடித்தன. அதே ஆண்டில், துண்டு விழுந்ததை ஈடுகட்ட விற்பனை வரி 6.15இலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. உணவுப்பொருள்களுக்கும் அது பொருந்தியது. தொழில் உரிமையாளருக்கு விலக்கு, ரொட்டி வாங்குவோருக்குக் கூடுதல் வரி. 2017 ஜூனில் ஆளுநரின் சொந்தக் கட்சி பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றமே அவருடைய தடையாணையை மீறி அக்குறைப்புகளைப் பெரும்பாலும் நீக்கியது.

2022 செப்டம்பரில் இதே கருத்து லண்டனில் தலைகாட்டியது. பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் அரசு, நாட்டின் வரவுசெலவு மதிப்பீட்டு அலுவலகத்தின் கணிப்பைக்கூட வெளியிடாமல் 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரிக் குறைப்பை அறிவித்தது. நாணயச் சந்தை சில நாட்களில் விடை சொன்னது. பவுண்டு டாலருக்கு எதிராக அதுவரை காணாத வீழ்ச்சியைக் கண்டது, பிரதமர் ஏழு வாரங்களில் பதவியிழந்தார். வாஷிங்டனில் அத்தகைய விடை கிடைப்பதில்லை. டாலருக்கு உலகம் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 2017இல் அங்கே நிறுவன வரி 35இலிருந்து 21 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அக்குறைப்பு தன்னைத்தானே ஈடுகட்டும் என்ற பழைய உறுதிமொழி மீண்டும் ஒலித்தது. அச்சட்டம் பதினோராண்டுகளில் பற்றாக்குறையை 1 இலட்சத்து 90 ஆயிரம் கோடி டாலர் அளவுக்குக் கூட்டும் என்று நாடாளுமன்றத்தின் சொந்த மதிப்பீட்டு அலுவலகம் 2018இல் கணித்தது. 2019 ஜூனில் அதிபர் டொனால்டு டிரம்ப், குடிமக்களுக்கான மிக உயர்ந்த பதக்கத்தை லாஃபருக்கு அணிவித்தார். 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களுக்குத் தற்காலிகமாகத் தந்திருந்த குறைப்புகளுட் பெரும்பாலானவை 2025இல் நிலையாக்கப்பட்டன.

லாஃபர் நேர்மையாளர் என்பதையும் சொல்லவேண்டும். 2004இல் தம் வளைகோட்டின் வரலாற்றை அவர் ஒரு கட்டுரையாக எழுதியபோது, அது தம் கண்டுபிடிப்பன்று என்று முதலிலேயே கூறி, இப்னு கல்தூனின் பெயரைச் சொல்லி முகத்திமாவின் ஒரு பகுதியையும் எடுத்துத் தந்திருக்கிறார். அது ரேகன் சுட்டிய அதே பகுதிதான். பஹ்ராமும் ஆந்தைகளும் அக்கட்டுரையில் இல்லை. முகத்திமாவில் அக்கதை எவ்வாறு முடிகிறதென்றால், மன்னர் தம் பரிவாரத்திடமிருந்து நிலங்களைத் திரும்பப் பெற்று உழவர்களிடமே ஒப்படைத்தார். ஊர்களில் மீண்டும் பயிர் ஏறியது, கருவூலமும் நிறைந்தது.